பூதம் கேட்ட வார்த்தை

காலையில் கல்லூரி விடுதிக்குக் கிளம்பவேண்டிய அக்கா பூவிழியை நடுராத்திரியில் உலுக்கி எழுப்பினான் நித்திலன்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்க்கா. கேம்ல என் வீரன் கொற்றன் சாகக் கிடந்தான். உங்க வீட்டு வாசல்ல தினமும் கேக்குற வார்த்தை ஒண்ணக் குடு, இவன் உயிரத் தரேன்னு பூதம் சொல்லுச்சு. அப்பாவோட 'போயிட்டு வரேன்'ஐக் குடுத்துட்டேன்."

"லூசு, போய்ப் படு."

"மூணு நாளா அப்பா லாரி எடுக்கறப்ப என்ன சொல்றாரு?"

பூவிழிக்குத் தூக்கம் போய்விட்டது. வெறும் 'போறேன்'தான். அபசகுனமாப் பேசாதீங்கன்னு அம்மா கத்தியும், அப்பாவுக்கு மீதி வாயில் வரவில்லை.

"அவர் திரும்பி வராமப் போயிட்டா?" நித்திலன் அழுதான்.

பூவிழி அவனுடைய ஹெட்செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். "ஏய் பூதம், எங்கப்பாவ விடு. என்னோடத எடுத்துக்க."

காலையில் அப்பா லாரிச் சாவியோடு, "போயிட்டு வரேன்" என்றார். அம்மா முகம் மலர்ந்தது.

பின்னாலேயே பூவிழி பெட்டியோடு வந்தாள்.

"சொல்லிட்டுப் போடி" என்றாள் அம்மா.

நித்திலன் அக்காவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

"போறேன்மா."