கொசுவின் குரல்

டீச்சர் துவாங்சான் இன்றைக்கும் வீடியோவின் சத்தத்தை அணைத்துவிட்டாள். ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்த புது ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

தலைமையாசிரியர் விச்சியன் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். புத்தர் கோயில் மைதானத்தில் படம் காட்டுகிறவர் மைக்கைப் பிடித்துத் தானே எல்லாக் குரலும் கொடுப்பாரே, அந்த மாதிரி பிள்ளைகளே பேசட்டும் என்று போன வாரம் அவள் சொல்லியிருந்தாள். அந்த ஆள் கதாநாயகிக்கும் பேசுவார், குதிரைக்கும் கனைப்பார். பள்ளிக்கூடமா, திருவிழாவா என்று விச்சியன் கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டாள்.

இன்று டெங்குப் பாடம். திரையாகக் கட்டிய படுக்கை விரிப்பில் ஒரு பெண் கொசு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பாங்காக் பேச்சில்லை, இந்த வடகிழக்குச் சீமைக்கே உரிய அசல் ஈசான் மாமியார்.

“தண்ணி சுத்தமா இருக்கு. மூடியும் போடல. நல்ல மனுசங்க. பிரசவத்த இங்கயே வச்சுக்கலாம்.”

சிரித்துச் சிரித்து இரண்டு பேர் பெஞ்சிலிருந்து விழுந்தார்கள்.

விச்சியன் விடுவிடுவென்று உள்ளே போய் விரிப்பின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

லம்யாய்.

ஒரு வரி வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே திக்கி நின்றுவிடுகிற லம்யாய். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று அவள் அம்மாவிடம் இன்று காலையில்தான் அவர் சொல்லியிருந்தார்.

அவரைப் பார்த்ததும் அவளுக்கு “கொ… கொ…” என்று இழுத்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

துவாங்சான் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். “விரிப்புக்குப் பின்னால நின்னா மூணு நாளா திக்கவே இல்லைங்க ஐயா. ஸ்பீக்கர் பேசினா இவ எங்க பேசறது?”

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் சட்டையில்லாமல் குப்புறப் படுத்துத் தூங்கினார் ஒருவர். கொசு அவர் முதுகில் இறங்கியது. பேசத்தான் ஆளில்லை.

விச்சியன் லம்யாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யாரது, என் முதுகுல?” என்றார், தூக்கக் கலக்கத்தோடு.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

லம்யாய் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

“அடடே, பெரிய வாத்தியார் ரத்தம். கசக்கத்தான் செய்யுது. பரவால்ல, முட்டைக்கு ஆகும்.”