துருவத்துக்கு மேலே ஒரு பெரிய வெள்ளி

சவரிநாதன் சொன்ன கதையை ஸ்டானிஸ்லாஸ் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. நம்பாமலே அதை வைத்து அவனுக்குத் தண்டனையும் கொடுத்திருந்தார்.

அவர் மகன் செல்வநாதனும் சவரியும் கப்பல் வேலைக்காரர்கள். ஐரோப்பாவில் ஒரு கப்பலிலிருந்து இறக்கி, ஜப்பானில் நின்ற இன்னொரு கப்பலுக்கு அவர்களை விமானத்தில் அனுப்பினார்கள். வட துருவத்துக்கு மேலே பறந்து போகிற விமானம். அன்று பெரிய வெள்ளி.

அந்த இரண்டாவது கப்பலில்தான் செல்வநாதனை அலை அடித்துக்கொண்டு போயிற்று.

செல்வநாதனின் பெட்டியோடு ராயபுரத்துக்கு வந்த சவரியை ஸ்டானிஸ்லாஸின் மனைவி ஹில்டா அழக்கூட விடவில்லை.

"கூட வந்த ஜார்ஜ் சொல்றான், பிளேன்ல உங்க ரெண்டு பேர் தட்டுல ஒண்ணு காலியா திரும்பிச்சாம். பெரிய வெள்ளி அதுவுமா கோழிக்கறியாம். சாமியாராண்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் கூட பண்ணாம பூட்டானே... துன்னது எம்புள்ளயா சவரி?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்டே? செல்வா அன்னிக்கு ஒருசந்தி விரதம். ஜெபமால உருட்டிகினு குந்தியிருந்தான்."

"அப்போ நீயா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

சவரி ஹில்டாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா அண்ணாத்தே. ஜன்னலாண்ட பாத்தா பொழுதே சாயல. சூரியன் முழிச்சிகினே கீது. அங்க எது வெள்ளி, எது சனி? துன்ட்டேன்."

மகன் போன சேதி வந்தபிறகு அன்றுதான் ஹில்டா ஒருவாய் சோறு தின்றாள்.

பெரிய வெள்ளி ஊர்வலத்தில் ஆண்டவர் சுரூபத்தைச் சுமப்பவர்களுக்கு ஸ்டானிஸ்லாஸ்தான் தலைவர். சவரியின் அப்பா சுமந்த இடம், பிறகு சவரி சுமந்த இடம். அதை வேறொருவனுக்குக் கொடுத்தார்.

"கறி துன்ன ஆளோட தோளு வேணாம்."

சவரி வாதாடவில்லை. வருஷாவருஷம் கூட்டத்தோடு பின்னால் நடந்தான். "இன்னா துருவம், இன்னிக்கும் கோழியா?" என்று யாராவது சீண்டினால் சிரித்து வைத்தான்.

இந்தப் பெரிய வெள்ளிக்கு அவன் ஊர்வலத்துக்கே வரவில்லை. வயிற்றுப்புண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தான்.

ஊர்வலம் முடிந்து ஹில்டாவோடு திரும்பிய ஸ்டானிஸ்லாஸ், அவன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே சவரியின் மனைவி எல்சி கத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே துன்னுன்னு சொல்லிட்டாரு. ஒரு வாய் கஞ்சி குடிச்சா கொறஞ்சா பூடுவே? கட்டிகினு வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். பெரிய வெள்ளின்னா இந்த ஆளு பல்லுல பச்சத்தண்ணி படாது!"

ஸ்டானிஸ்லாஸுக்குச் செல்வநாதனின் சின்ன வயது நினைவுக்கு வந்தது. பையன் பசி தாங்கமாட்டான். ஒருசந்தி நாளில் மஜீது பாய் பரோட்டா கடைக்கு ஓடிவிடுவான். ஹில்டாவுக்குத் தெரியாமல், சால்னா ஒட்டிய அந்த வாயை எத்தனையோ தடவை தன் துண்டால் துடைத்துவிட்டவர் அவர்தான்.

"நீ வூட்டுக்குப் போ. தோ வந்துர்றேன்" என்று ஹில்டாவை அனுப்பினார். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனார். கட்டிலோரம் உட்கார்ந்து சவரியின் தோளில் கை வைத்தார்.

காதோரம் குனிந்து கேட்டார்.

"காலியா திரும்புன தட்டு எம்மவனோடதுதானே, சவரி?"