வாசலில் உப்பு

மேடையிலும் திரையிலும் கதாநாயகனின் வாளுக்குச் செத்து விழுவதுதான் இசாமுவின் பிழைப்பு. இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்மேல் உப்பைத் தூவி உள்ளே விடுவது ஜப்பானில் வழக்கம். செத்துவிட்டே வருகிற மனுஷனுக்குத் தூவாமல் இருக்கலாமா என்பாள் அவர் மனைவி ஃபுமி.

தலை நரைத்த பிறகு, முதன்முறையாக அவருக்குக் கொல்லும் வேடம் கிடைத்தது. அன்று மாலை பழக்கதோஷத்தில் உப்புக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தவள் சிரித்துவிட்டாள்.

“இன்னிக்குதான் நீங்க சாகலையே! இது எதுக்கு?” என்று உள்ளே திரும்பினாள்.

“தூவு, ஃபுமி.”

அவர் செருப்பைக் கழற்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் முன்னால் நீட்டினார்.

“கட் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. என் வாளுக்கு விழுந்தவன் மட்டும் எழுந்திருக்கவே இல்ல.”