பாதி நேரம் தெலுங்கு

கல்லூரி வானொலிக்கு உரிமம் தந்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: ஒலிபரப்பில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. தெலுங்கு பேச அங்கே ஷ்ராவணி ஒருத்திதான் இருந்தாள். லாரியில் அடிபட்டு அவள் செத்த பிறகும், நிலையப் பொறுப்பை வைத்திருந்த மாணவன் இன்பராஜ் அவளுடைய பழைய பதிவுகளையே தினமும் ஓட்டிக்கொண்டிருந்தான். உரிமத்தைப் புதுப்பிக்க வந்திருந்த அதிகாரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெலுங்கு ஓடுகிற நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெலுங்கு தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஷ்ராவணியின் அம்மா உள்ளே இன்பராஜிடம் வந்துவிட்டாள்.

"தினம் காலைல ஊருக்கே வணக்கம் சொல்றா பாபு. பக்கத்து வீட்டு ரேடியோல கேக்குது. அவங்கப்பா எழுந்துபோய் கதவத் தெறந்து பாக்குறாரு. நிறுத்திடு."

"எப்படி ஆன்ட்டி நிறுத்துறது? தெலுங்கு ஓடலைன்னா லைசென்ஸ் போயிடும்."

அவள் அதற்குமேல் தமிழில் பேசவில்லை. சாபமா கெஞ்சலா என்று இன்பராஜுக்குப் புரியவில்லை. மூச்சுவிடாமல் பேசினாள், மார்பில் அடித்துக்கொண்டாள். அவன் அவளை மெல்லத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். மகளின் குரலை நிறுத்திவிட்டு, மைக்கைத் திறந்து அம்மாவின் வாயருகே நகர்த்தினான். அதிகாரி தலையாட்டியபடி குறித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இனிமே அவளப் போட மாட்டியே?"

"அவ எதுக்கு ஆன்ட்டி இனிமே?" என்றான் இன்பராஜ். "நீங்க பேசினது முழுசாப் பதிவாயிருக்கு."