வீட்டுக்கு ஒரு கல்

முனிலட்சுமியின் மகள் செல்வம்மாள் எனக்கு இதை முதலில் சொன்னது ஐம்பத்தொன்பதில், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்றைக்கு. அவள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நடந்தது அதற்கு ஐந்து வருஷம் முந்தி.

உத்தனப்பள்ளிக்குக் கேழ்வரகு அறுக்கப் போன முனிலட்சுமி, பத்து நாள் கழித்து மகளோடு ஓசூர் திரும்பினாள். தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தைக் காணோம்!

சுவர் இல்லை, கூரை இல்லை. வெறும் மண்.

கூலிக்காரப் பிள்ளைகளுக்கென்று அந்தத் தெருவே சேர்ந்து கட்டிய ஒற்றை அறை அது. அவள் புருஷன் வெங்கடப்பன் உடைத்துக் கொடுத்த கல்பலகைதான் கூரை. மறுவருஷமே கல்குழியில் அவன் செத்தும் போனான்.

"எந்தப் பாவிடா கை வெச்சது?"

மூட்டையைப் போட்டுவிட்டு நேரே, புதுசாக மாட்டுக்கொட்டாய் கட்டிக்கொண்டிருந்த பண்ணைக்காரர் கங்கப்பன் வாசலுக்குப் போனாள்.

"ஐயா, உங்க மாட்டுக்கொட்டாய்க்கு எங்க பள்ளிக்கூடத்துக் கல்லுதான் கிடைச்சுதா?"

"ஏய், வாயை அளந்து பேசு! எனக்கென்ன கல்லுக்குப் பஞ்சமா? உங்காளுங்க வீட்டுலயே போய்ப் பாரு."

பார்த்தாள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த கல்லில் இருந்த உளித்தடம் முனிலட்சுமிக்குத் தெரியாதா?

"ஏண்டி, என் புருஷன் கல்லு மேலயா அழுக்குத் துணி துவைக்கிற?"

"என்மேல ஏன் பாயற அக்கா? நம்ம வாத்தியாரேதான் பிரிச்சாரு. வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தாரு. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல."

வாத்தியார் மாரிசாமி, அந்தத் தெருவிலேயே படித்துத் தேறின ஒரே ஆள். அவர் வீட்டு முன்னால் மண்ணை வாரி இறைத்தாள்.

"நீயும் நம்ம சனம்தானே? நம்ம புள்ளைங்க கல்லு உடைச்சே சாகட்டும்னு நெனச்சியா? பெரிய வீட்டுக்காரங்ககிட்ட என்ன வாங்கித் தின்ன?"

அவர் எழுந்து வந்தார்.

"நம்ம புள்ளைங்களைச் சேர்த்துக்கச் சொல்லி மூணு வருஷமா சர்க்கார் போர்டு பள்ளிக்கூடத்து வாசலுக்கு நடந்தேன், தங்கச்சி. 'உங்களுக்குத்தான் தனியா ஒண்ணு இருக்கே, இங்க எதுக்கு'ன்னு ஒரே பேச்சு. நம்மது மூணாவதோட நின்னுபோகுது. அங்க எட்டாவது வரைக்கும் இருக்கு. நேத்து இன்ஸ்பெக்டர் வந்து வெறும் தரையைப் பாத்துட்டுப் போனாரு. இனிமே சேர்க்கமாட்டேன்னு சொல்ல அவங்களுக்குச் சாக்கு கிடையாது. திங்கக்கிழமை செல்வத்தைக் கூட்டிட்டுப் போ."

"ஒரு வார்த்தை முன்னாலயே சொன்னா என்ன?"

"சொன்னா, வெங்கடப்பன் கல்லைத் தொட விட்டிருப்பியா?"

கையில் மிச்சமிருந்த மண்ணைக் கீழே உதறினாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"அண்ணே... உங்க வேலை?"

"பள்ளிக்கூடமே இல்லை, வாத்தியார் எதுக்கு? கல்குழியில ஆள் வேணும்னாங்க. நானும் திங்கக்கிழமைதான் போறேன்."

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பள்ளிக்கூடம் ஒன்று கட்டித் தருகிறோமென்று யாராவது வந்தால், வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.