நன்னடத்தை ரிப்போர்ட்

"எழுதிக்கோங்க சார். இந்த மாசம் நாலு நாள் லேட்டு. வாய் வேற நீளம்."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே சொன்னாள் லாண்டரிக்கார அம்மா. கண்காணிப்பு அதிகாரி எரிச்சலோடு பேனாவை மூடினார்.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து நிபந்தனையின் பேரில் வெளியே வந்த பெண். பதினாறு வயசு. இந்த லாண்டரியிலேயே தங்கி வேலை பழக வேண்டும். 'நல்ல பிள்ளை' என்று லாண்டரி அம்மா சொன்னால் கண்காணிப்பு முடிந்து, அப்பாவோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. அந்தம்மா வாயில் அந்த வார்த்தை வந்தால்தானே!

"இங்கேயே தங்கியிருக்கிற பொண்ணு எப்படிம்மா லேட்டா வருவா?"

அம்மா இஸ்திரித் துணியைத் திருப்பிப் போட்டாள். "மாடியிலேர்ந்து இறங்க லேட்டு."

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சும்மா கிடைச்ச ஆளை விட மனசு வரல. அதானே?"

"அப்படியே வச்சுக்கோங்க."

பெண் மூலையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா. வீட்டுக்குப் போகணுமா, வேண்டாமா?"

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். பாவம், முதலாளியம்மாவிடம் அவ்வளவு பயம் போலிருக்கிறது.

"உங்க அப்பாவை வரச் சொல்லியிருக்கேன். நல்ல ரிப்போர்ட் எழுதி இன்னிக்கே அனுப்பிடறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அப்பா வந்துவிட்டார். பவ்யமான சிரிப்பு. மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"என்ன சார், இப்படி உடம்பு போட்டுட்டா? தோள் வேற அகலமாயிடுச்சு. இனி இவளை வச்சு நான் என்ன பண்றது?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். மூன்றாம் பக்கம். 'குளியலறை வெண்டிலேட்டர் வழியாக வீட்டுக்குள் நுழைந்து திருட்டு.' தூக்கி ஏற்றிவிட்டது யார் என்று பெண் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்றார் அப்பாவிடம். அவர் போனதும் லாண்டரி அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"பெத்தவனாச்சே, காட்டிக்கொடுக்க மாட்டேன்னு அழறா. பொய் சொல்லவும் அவளுக்கு வரல. அதான் நான் சொல்றேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். 'நான்கு நாள் தாமதம். எதிர்த்துப் பேசுகிறாள். கண்காணிப்பு மேலும் மூன்று மாதம்.'

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆறா போடுங்க சார். அதுக்குள்ள எந்த வெண்டிலேட்டர்லயும் நுழைய முடியாதபடி சாப்பாடு போட்டுடறேன்."