டெல்லியிலிருந்து பதில்

துரைராஜ் பண்றது பச்சை ஃபிராடு. என் கண்ணு முன்னாடியே பண்ணினான்.

டவுன்ஷிப் மெயின் பஜார்ல அவன் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். குடியரசு தினப் பேச்சுப் போட்டிக்கு என் பொண்ணு கிருஷ்ணப்ரியாவோட பேச்சை டைப் அடிக்கக் கொடுத்துட்டு நின்னுட்டிருந்தேன். தலைப்பு, 'நான் நாட்டின் ஜனாதிபதி ஆனால்'. அவ பேச்சுன்னு பேருதான். ரெண்டு நாள் லீவு போட்டு உக்காந்து எழுதினது நான். லஞ்சத்தை ஒழிச்சு, வறுமையை ஒழிச்சு, நதியெல்லாம் இணைச்சு முடிச்சிருந்தேன்.

அப்போதான் பக்கத்து ஊரு வடக்குத்துலேர்ந்து கஸ்தூரியம்மாள் வந்தாங்க. எங்க நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். மகன் அறிவழகன் சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலை பாக்கறான். அவனைப் பர்மனென்ட் ஆக்கணும்னு ஜனாதிபதிக்கே மனு போட்டிருக்காங்க. கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்தது துரைராஜ்தான். மாசம் தவறாம வந்து, பதில் வந்துச்சான்னு கேப்பாங்களாம்.

துரைராஜ் ஸ்கிரீனைப் பாத்து நிதானமா வாசிச்சான்.

"தங்கள் மனு ஜனாதிபதி அவர்களின் பரிசீலனையில் உள்ளது."

அந்தம்மா முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஒரு பை மேஜை மேல வெச்சுட்டுக் கிளம்பினாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னா ஸ்கிரீன்ல இருந்தது என் பொண்ணோட பேச்சு. டெல்லியும் இல்ல, மனுவும் இல்ல.

"படிக்காத பொம்பளையை ஏமாத்தி மல்லாட்டை வாங்கித் திங்கிறியே, வெக்கமா இல்ல?"

துரைராஜ் மறுபடி டைப் அடிக்க ஆரம்பிச்சுட்டான். அது என் கோபத்தை இன்னும் கிளப்பிடுச்சு. அடுத்த மாசம் அந்தம்மா வரட்டும், உண்மையை நானே சொல்றேன்னு சத்தம் போட்டேன்.

"சொல்லுங்க சண்முகசுந்தரம் சார்"னான், தலையைக்கூட நிமித்தாம. எவ்வளவு திமிரு பாருங்க.

போட்டியில கிருஷ்ணப்ரியாவுக்குத்தான் முதல் பரிசு. 'நான் ஜனாதிபதி ஆனால், ஏழை மக்களிடம் ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன்'னு அவ சொன்னதும் ஹாலே கைதட்டிச்சு. நானும்தான் தட்டினேன்.

சர்டிபிகேட் கைக்கு வர ஒரு மாசம் ஆச்சு. அதை லேமினேட் பண்ண அதே கடைக்குப் போனேன். லேமினேட் பண்ணிக் கொடுத்த கையோட, பண்ருட்டி பஸ்ல பேப்பர் பண்டல் வருது, பத்து நிமிஷம் கடையைப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டு துரைராஜ் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

அவன் தலை மறையல, கஸ்தூரியம்மாள் வந்து நிக்கறாங்க. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.

துரைராஜ் இல்லாட்டி என்ன, நானே பாத்துச் சொல்றேன்மான்னேன். முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த மனு நம்பர் சீட்டைக் கொடுத்தாங்க. வெப்சைட்டைத் திறந்து நம்பரைத் தட்டினேன். இங்கிலீஷ்ல ரெண்டே வரி வந்துச்சு. மகனுக்கு வயது வரம்பு தாண்டிடுச்சு, விதியில இடமில்ல, மனு முடிச்சு வைக்கப்பட்டது. தேதியைப் பாத்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி.

"என்னா சார் சொல்றாங்க டெல்லியில?"

வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்களே பேசினாங்க.

"நெலத்தைக் குடுக்கறோம்னு கைநாட்டு வெச்சது நான்தான் சார். அந்தக் கோவத்துல எம்புள்ள எங்கூடப் பேசறதே இல்ல. ஜனாதிபதி பாத்துக்கினு இருக்காங்களாம்டான்னு நான் போய்ச் சொல்ற அன்னிக்குத்தான், எம்பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சாப்புடுறான்."

மேஜை மேல, சூடு ஆறாத லேமினேஷன்ல, பொண்ணோட சர்டிபிகேட் கெடந்துச்சு. அதைக் குப்புறத் திருப்பி வெச்சேன். ஸ்கிரீனைப் பாத்து நிதானமா வாசிச்சேன்.

"தங்கள் மனு ஜனாதிபதி அவர்களின் பரிசீலனையில் உள்ளது."

அந்தம்மா மல்லாட்டைப் பையை நீட்டினாங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.